தகப்பன் மீன்

குழந்தையைச் சுமப்பதும் காப்பதும் பெண்ணுக்கு இயற்கை வகுத்த விதி என்று சொல்லாத ஆண்பிள்ளை நம்மிடையே அபூர்வம். நடுநிசியில் குழந்தை அழுதால், புரண்டு படுத்துக்கொண்டே மனைவியை எழுப்புகிறவர் எல்லாரும் இந்த இயற்கையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நல்லது, அந்தச் சாட்சியையே கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்போமே!

மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்குதிரை ஒரு மீன்தான். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிட்டு விலகிக்கொள்கிறது. அவற்றைக் கருவாக்கி, பிராணவாயுவும் ஊட்டமும் தந்து, சில வாரங்கள் சுமந்து, முடிவில் உடலை முறுக்கி முறுக்கிப் பிரசவிப்பது ஆண். கடல் கெளிற்று மீனில், கோலிக்குண்டு போன்ற முட்டைகளை வாய் நிறைய அடக்கிக்கொண்டு தகப்பன் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கிறது. வாய் நிறைய இரை, விழுங்குவதில்லை!

கிரேக்க நாட்டு ஆறொன்றில் ஆண் கெளிறு முட்டைகளைக் காவல் காப்பதை அரிஸ்டாட்டில் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அகாசிஸ் என்ற அறிஞர்தான் அந்த மீனை அடையாளம் கண்டு, கிழவர் சொன்னது மெய் என்று நிலைநாட்டினார். தகப்பனின் பரிவை நம்புவதற்கு உலகத்துக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

ஆகவே, 'ஆண்களே, மீனைப் பார்த்துத் திருந்துங்கள்' என்று நான் முடித்துவிடலாம். ஆனால் சாட்சி இன்னும் பேசுகிறது. ஸ்டிக்கில்பேக் என்றொரு சிறு மீன். கூடு கட்டி, முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக் காக்கிற அதே தகப்பன், சில வேளைகளில் அவற்றில் சிலவற்றைத் தின்றும் விடுகிறது. கடற்குதிரையோ பெற்ற குஞ்சுகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

முன்னதைத் தியாகம் என்று போற்றினால், பின்னதைப் பாதகம் என்று தூற்ற வேண்டும். இரண்டும் பொருந்தாது. மறுக்கத் தெரியாத உயிர் செய்வதில் தர்மமும் இல்லை, அதர்மமும் இல்லை.

மனிதனுக்கு மறுக்கத் தெரியும். தூங்குவது போல் பாவனை செய்யவும் தெரியும். அதனால்தான் அவன் எழுந்து குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்ளும்போது அந்தச் செயலுக்கு ஒரு பெருமை உண்டாகிறது.

அந்தப் பெருமை தாய்க்கும் உரியது. அவளும் மறுக்கத் தெரிந்தவள்தான், மறுக்காமல் எழுந்தவள். அதை 'இயற்கை' என்று நாம் சொல்லிவிடுவது ஏன்? இயற்கைக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை அல்லவா?