மண்மேடு

ஆவடிக்கு வடக்கே, வீராபுரத்துப் பக்கம், ஐம்பது மீட்டர் சுடுதளம். கூரை சுடுகிறவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு முன்னால் வெயில், வெயிலுக்கு அப்பால் இலக்கு அட்டைகள், அட்டைகளுக்குப் பின்னால் கொட்டி உயர்த்திய மண்மேடு. மேட்டின் தலையில் எருக்கும் நாயுருவியும் தாராளமாக மண்டிக் கிடக்கின்றன. கீழே, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள், ஒரு பட்டை மட்டும் மொட்டையாக இருக்கிறது. குண்டெல்லாம் போய் இறங்கும் இடம். கோரைகூட அங்கே வேர்விடச் சம்மதிக்கவில்லை.

அக்கா மகள் இங்கே பயிற்சி எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துணை. துணை என்றால் பை தூக்குவது, தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்வது, வாயை மூடிக்கொண்டு பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. மூன்றாவது வேலைதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் அதற்கு யாரும் இவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

*

பாயிண்ட் டூ டூ குண்டுப் பெட்டி என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. ஒரு குண்டின் ஈயம் 2.6 கிராம்தான். பெட்டியின் மேல், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை. சுடுவதோ ஐம்பது மீட்டர். மிச்சமிருக்கும் தூரத்தை யார் பொறுப்பெடுத்துக்கொள்வது? இந்த மண்தான்.

ஒன்றரை மைல் என்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் அவ்வளவுதான் இருக்கும். அந்த இடைவெளியில் எத்தனை மொட்டைமாடி, எத்தனை கொடித்துணி, எத்தனை டியூஷன் வகுப்பு. மேட்டைக் கட்டியவர் யாரோ, ஒப்பந்தக்காரரோ லாரி டிரைவரோ, அவர் பெயரை எந்தப் பதக்கத்திலும் பொறிக்கப்போவதில்லை.

*

“பணம் கட்டினா நாமும் போய்ச் சுடலாமா?” தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பார்கள். அங்கே காரை நிறுத்தி, சீட்டு வாங்கி, வாடகைத் துப்பாக்கியால் மதியம் முழுக்கச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இங்கே அப்படி இல்லை. வெடிமருந்தில் இயங்கும் எந்தத் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மன்றத்தில் உறுப்பினராகி, மன்றத்தின் ஆயுதத்தை மன்றத்தின் கண்ணெதிரே எடுத்துச் சுடலாம். வழிப்போக்கருக்கு வாய்ப்பது காற்றுத் துப்பாக்கிதான். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமம் தேவையில்லை என்று 2016ஆம் ஆண்டு விதிகள் விட்டுவைத்திருக்கின்றன. அந்தச் சின்னச் சந்து வழியாகத்தான் மணிக்கணக்குக் கட்டணத்தில் இயங்கும் பத்து மீட்டர் தளங்களும், திருவிழாவின் பலூன் பலகையும் வாழ்கின்றன.

1878இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. அந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்றைய கெடுபிடியின்மேல் இல்லை. வாடகைக்கு எடுத்து மதியம் முழுக்கச் சுடும் வசதி நம் ஊருக்கு வராமலே போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். சொன்னால் மருமகள் முறைப்பாள்.

*

அவள் பாயில் குப்புறப் படுத்திருக்கிறாள். கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த கனத்த கோட்டு, சித்திரை மாதம். இடது மேற்கையை ஒரு வார் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அங்கே துடிக்கும் நாடி வார் வழியாக ரைபிளுக்கு ஏறும். குறி மெல்லத் துள்ளும். இதயம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் இலக்கு நகர்கிறது என்றாள். இலக்கு எங்கே நகர்கிறது, நீதானே என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாததா.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறாள். ஆறு ஏழு விநாடிக்குள் விசை விழுந்தாக வேண்டும். அதற்குமேல் நீட்டினால் பார்வை கலங்கும். கண் பழைய படத்தையே காட்டி ஏமாற்றும். நான் பின்னாலிருந்து அவள் முதுகைப் பார்க்கிறேன். முதுகு நின்றிருக்கிறது. விநாடிகள் போகின்றன. சத்தம் வரவில்லை. விரல் விசையை விட்டு விலகி நீள்கிறது, தோள் தளர்கிறது, மூச்சு வெளியேறுகிறது.

“நல்லா இருந்துச்சே, ஏன் விட்டுட்ட?” என்று பக்கத்துப் பையனின் அப்பா முணுமுணுத்தார். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். “அதுதான் சார் இன்னிக்கி அவ செஞ்சதுலயே நல்லது.”

சுடாமல் இறக்கியதற்கு மதிப்பெண் கிடையாது. அது அட்டையில் ஏறாது, கணினித் திரையில் வராது. ஆனால் பயிற்சியாளர் குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு பத்தி வைத்திருக்கிறார். எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கோடுகள், பால்காரர் கணக்குப் போல.

*

காற்று ரைபிளுக்கான பத்து மீட்டர் அட்டையில் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதை அடிக்கப் போகும் ரவையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அடிபடுவதைவிட அடிப்பது ஒன்பது மடங்கு பெரிது. தொட்டாலே பத்து; துல்லியமாக நடுவே நின்றால் 10.9. அறுபது தடவை, எழுபத்தைந்து நிமிடத்துக்குள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் புள்ளியை வைத்துத்தான்.

ஐம்பது மீட்டரில் பத்து கொஞ்சம் தாராளம், 10.4 மில்லிமீட்டர். ஆனால் அங்கே காற்று சேர்ந்துகொள்ளும். அட்டைக்கும் பாய்க்கும் நடுவே குச்சியில் கட்டிய நாடாக்கள் ஆடுகின்றன. காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தவை, கடற்காற்று இவ்வளவு தூரம் உள்ளே வந்து சேரும் பிற்பகலில் திரும்பிக்கொள்ளும். பெசன்ட் நகரில் பதினோரு மணிக்கே ஆளைத் தேற்றிவிடும் காற்று ஆவடிக்கு வரும்போது பாதி தூசியாகியிருக்கும். 2024இல் பாரிசில் இதே தூரத்தில் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ஓடும் வண்டியில் நின்று பழகியவருக்கு ஆடாமல் நிற்பது கைவந்ததோ என்னவோ, எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிக்குத் திருச்சி ரைபிள் கிளப்புக்குப் போனபோது திரண்ட கூட்டத்தை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மௌனம் தேவைப்படும் விளையாட்டுக்கு வாசலில் விசில். அதற்குப் பிறகு பெற்றோர்களின் விசாரிப்பு கூடிவிட்டது என்று பயிற்சியாளர் சொன்னார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

*

இதை எழுதாமல் தாண்ட முடியாது. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டியில் ஒரு சுடுதளம். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரம். தளத்துக்கு வெளியே வெகுதூரம் தள்ளி, தாத்தா வீட்டிலிருந்த பதினோரு வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஜனவரி 3ஆம் தேதி இறந்துபோனான்.

அங்கே மேடு இல்லாமல் இல்லை, மலையே இருந்தது. மலைக்கும் மேலே வானம் இருக்கிறது. குழல் அளவுக்கு மீறித் தூக்கினால் குண்டுக்கு மலை ஒரு பொருட்டல்ல. பாறையில் பட்டுத் தெறித்தாலோ அது எந்தத் திசைக்கும் சொந்தம். அதனால்தான் கல் கலக்காத மண்ணாகத் தேடிக் கொட்டுகிறார்கள். மண் குண்டை எதிர்ப்பதில்லை, உள்ளே வாங்கிக்கொள்கிறது. கருங்கல்லைவிட அது பாதுகாப்பானதற்குக் காரணம் அந்த இளக்கம்.

அந்தச் செய்தி வந்த வாரம் பலர் துப்பாக்கியைப் பற்றிப் பேசினார்கள், இழப்பீட்டைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த வீடுதான் மனதில் நின்றது. சுட்டவருக்கு அந்த வீடு தெரியாது. வீட்டுக்குச் சுட்டவரைத் தெரியாது. இருவருக்கும் நடுவே இருந்திருக்க வேண்டியது நல்ல மண்.

*

ஆவடியே ஒருவகையில் சீருடை போட்ட ஊர். கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து அறுபதுகளில் விஜயந்தா டாங்கிகள் வெளியே வந்தன. பிறகு டி-72, அர்ஜுன். பக்கத்திலேயே படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை. விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ், தமிழ்நாடு சிறப்புக் காவல்படை. தூரத்தில் பட் பட்டென்று கேட்டால் டீக்கடையில் யாரும் தலை தூக்குவதில்லை. புதிதாக அடுக்குமாடியில் குடிவந்தவர் மட்டும் கல்யாண வெடியா என்று கேட்பார்.

ஆனால் கவனித்துப் பார்த்தால், சத்தத்துக்குப் பழகுவதும் அமைதிக்குப் பழகுவதும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன. பயிற்சியாளர் “ஸ்டாப்” என்றதும் எல்லாக் கையும் நிற்கும். “அன்லோட்.” பூட்டு திறக்கும். குண்டறைக்குள் பளிச்சென்ற ஆரஞ்சு நாடா ஒன்றை நுழைத்து வெளியே தொங்கவிடுகிறார்கள், துப்பாக்கி காலி என்பதற்கு அடையாளம். அப்புறம் எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகே அட்டை மாற்ற ஒருவர் முன்னே நடக்கிறார். அவர் போய் வரும்வரை துப்பாக்கிப் பக்கம் யாரும் கைநீட்டக் கூடாது, மூடியிருக்கும் பெட்டியைத் தொடக் கூடாது, தரையில் கிடக்கும் பேனாவைக் குனிந்து எடுக்கக் கூடாது.

அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் வருகிறேன் போலிருக்கிறது. இத்தனை பேர், இத்தனை ஆயுதம். வெயிலில் ஒரே ஒரு ஆள், அட்டைக் கட்டும் கிளிப்பும் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போகிறார். முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பிப் பார்ப்பதே இல்லை.

*

முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் விரலில் ஒட்டும். தோலைவிட வாய் வழியாகப் போவதுதான் மோசம். மருமகள் முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறாள். எலுமிச்சைச் சாதம், அக்கா கட்டிக் கொடுத்தது.

ஒரு போட்டிக்கு அறுபது குண்டு என்றாலே 156 கிராம் ஈயம். பயிற்சிநாளில் அதைவிட அதிகம். இத்தனை வருடத்தில் அந்த மேட்டுக்குள் எத்தனை கிலோ இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி நிறுத்திவிட்டேன். நல்ல தளங்களில் அவ்வப்போது மண்ணைச் சலித்து ஈயத்தைப் பிரித்தெடுப்பார்கள். விட்டால் மழையோடு கீழே இறங்கும். ஏரிகள் நிறைந்த பக்கம் இது. வாங்கிக்கொண்ட மண் எல்லாவற்றையும் எப்போதும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

*

ஆடி மாதம், திருவேற்காடு. கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் சாலை முழுக்கக் கூழ், வேப்பிலை, ஒலிபெருக்கி. ராட்டினத்தைத் தாண்டி ஒரு பலூன் பலகை. பணம் கொடுத்தால் யாரும் சுடலாம். உரிமம் கேட்பதில்லை, உறுப்பினர் அட்டை கேட்பதில்லை. நடத்துகிறவர் நடுத்தர வயதுப் பெண். குழலை மடக்கி, ரவையை விரல்நுனியால் அழுத்தி, நிமிர்த்திக் கொடுக்கும் வேகத்தில் பூ தொடுப்பவரின் லாகவம்.

பழக்கதோஷம், பலூனை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தேன். பலகைக்குப் பின்னே இரண்டாக மடித்த ஃப்ளெக்ஸ் பேனர். யாரோ ஒரு வட்டச் செயலாளர் கைகூப்பியபடி, கன்னமெல்லாம் ரவைத் தழும்போடு. அதற்கும் பின்னால் சாக்கு.

“சாக்கு எதுக்கும்மா?”

“பேனரு பத்தாது சார். மேல பட்டு சில நேரம் தாண்டும். அந்தாண்ட பொரி கடை இருக்குல்ல.”

துப்பாக்கியை என்னிடம் நீட்டியவர் பாதியில் இழுத்துக்கொண்டார். பேனருக்கு அடியில் ஒரு சின்னக் கை, நசுங்கிய ரவைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. “டேய், வெளியே வாடா! எத்தனை தபா சொல்றது?” பையன் ஊர்ந்து வந்தான். அவன் தன் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவர் துப்பாக்கியை விடவில்லை. அப்புறம் கொடுத்தார்.

முதல் ரவை பலூனுக்கு இடப்பக்கம் பலகையில் அடித்தது. இரண்டாவதும்.

“அந்தத் துப்பாக்கி எல்லாருக்கும் லெஃப்ட்டுதான் சார் போவும். கொஞ்சம் ரைட்டுல வெச்சு அடிங்க.”

மருமகள் வாங்கிப் பார்த்தாள். முன்குறி வளைந்திருப்பதைக் கட்டைவிரலால் தடவி உறுதிசெய்துகொண்டாள். நின்றாள், மூச்சை விட்டாள், குறி வைத்தாள். பின்னால் வரிசை வளர்ந்தது. குறி வைத்தபடியே இருந்தாள். பிறகு துப்பாக்கியை இறக்கினாள்.

“இன்னாம்மா, சுடு! பின்னாடி ஆள் நிக்கிறாங்க பாரு,” என்றார் அந்த அம்மா.