உடலை வளர்ப்பது வீண் பெருமையா?



தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூடைகளைச் சுமக்கும் நாட்டாமைமாரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய புயங்களுக்கு எவரும் பதக்கம் சூட்டுவதில்லை. ஆணழகன் போட்டிக்கு ஆயத்தமாகிறவனோ, பாரத்தைத் தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைக்கிறான். கைதட்டல் அவனுக்கே. அப்படியானால் உடலை அழகுக்காக வளர்ப்பது வீண் பெருமைதானா? பயிற்சி நிலையத்துக்குப் போகப் பிள்ளை காசு கேட்கும்போது பெற்றோர் மனத்தில் எழும் கேள்வியும் இதுவே.

விடை தேட, வங்காளத்தவரான மனோகர் ஆயிக்கின் வாழ்வை நோக்குவோம். அவருடைய உயரம் 4 அடி 11 அங்குலம். பிரித்தானிய விமானப் படையில் பணியாற்றிய காலத்தில், வெள்ளை அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை சென்றார். அங்கே அவருக்கென்று எஞ்சியிருந்தது தம் உடல் ஒன்றே. கருவிகள் இன்றியே நாள்தோறும் மணிக்கணக்காகப் பயிற்சி செய்தார். 1952இல் லண்டனில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவில் வென்றார். பிற்காலத்தில் கல்கத்தாவில் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். பழஞ்சோற்றின் பெருமை பேசிய அம்மனிதர் நூறு வயதைத் தாண்டி 2016இல் காலமானார். கைதியாக இருந்தும் தம்மை ஆளக் கற்றார். கற்றதைப் பிறருக்கும் வழங்கினார். இதை வீண் பெருமை என்பது தகுமா?

ஆனால், அவர் சென்ற வழி நீண்டது. பாரத்தால் களைத்த தசைநார்கள் உணவாலும் உறக்கத்தாலும் தேறியே தடிக்கின்றன. அதற்கு ஆண்டுகள் செல்லும். காத்திருக்க மனமில்லாதோர் ஊசி மருந்தை நாடுகின்றனர். அது தசையைப் பெருக்கும். இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். பிள்ளைப் பேற்றையும் பாதிக்கும். பிறர் கண்ணுக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பதே உண்மையில் வீண் பெருமை.

பெற்றோரே, பிள்ளையைப் பரிகசித்துத் தடுக்க வேண்டாம். “யாருக்காக இந்தப் பலம்?” என்று அன்போடு கேளுங்கள். நாட்டாமையின் முதுகு ஓய்வின்றித் தேய்கிறது. உங்கள் பிள்ளையின் உடலோ நல்லுணவும் ஓய்வும் பெற்று வளர்கிறது. அந்த வாய்ப்பு அவனுக்குக் கிடைத்த கொடை. கொடை பெற்றவன் கடன்பட்டவன். தாயின் தண்ணீர்க்குடத்தையும் அயலவரின் நெல்மூடையையும் தூக்க முன்வரும் நாளில்தான் அவன் அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்குகிறான்.