மாலை வாடிய பின்

வாழைநாரில் பூத்தொடுத்த மரபினர் நாம். இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாலைக்குள் செயற்கை நூலையும் காண்கிறோம். பூ ஒரு பகலில் வாடுகிறது. நூலோ பல்லாண்டு மண்ணில் கிடக்கிறது. ஒருநாள் வேலைக்கு இத்தனை ஆயுள் எதற்கு?

வலிமை வேறு, அழியாமை வேறு. செம்பனை எண்ணெயையோ சர்க்கரையையோ உண்ணும் சில நுண்ணுயிர்கள், நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோலத் தம் உடலில் ஒருவகைப் பாலியெஸ்டரைச் சேமிக்கின்றன. இயல்பில் அது நொறுங்குவது. ஜப்பானிய அறிஞர் இவாத்தாவும் குழுவினரும் அதனை உருக்கி இழையாக்கி, பனிநீரில் குளிர்வித்து, இருமுறை இழுத்தனர். தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுக்க, நைலான் தூண்டில் நூலுக்கு ஈடான வலிமை பிறந்ததை 2004-இல் வெளியிட்டனர். அவ்விழையையும் மண்ணின் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்.

இக்குடும்பத்து இழையொன்று 2007-இல் அமெரிக்காவில் அறுவைத் தையலுக்கு ஒப்புதல் பெற்றது. காயம் ஆறும்வரை தாங்கிப் பின் கரைகிறது. உடலுக்குள் விடும் நூலென்றால் அதன் முடிவை முதலிலேயே கேட்கிறோம். மண்ணுக்குள் விடுவதற்கு அக்கேள்வி எழுவதில்லை. மண்ணும், இனிப் பிறப்போரும் மறுத்துப் பேசமாட்டார்கள் அன்றோ?

ஷா ஆலாமில் சிரிம் நிறுவனம் 2011-இல் செம்பனை ஆலைக் கழிவிலிருந்து இத்தகைய நெகிழி செய்யும் சோதனை ஆலையைத் தொடங்கியது. விலைதான் தடை, பெட்ரோலிய நெகிழி இன்னும் மலிவு. அதற்காகச் செம்பனையைப் புனிதமாக்கிவிட வேண்டா. 1917-இல் கோல சிலாங்கூரில் வணிகப் பயிராகத் தொடங்கிய அம்மரத்தின் குலைகளைச் சுமந்த நம்மவர் பலர், தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களானபோது சொந்த வீடின்றி வெளியேறினர். நூலின் விலையைப் பேசுவோர் ஏட்டில் அக்கணக்கு இன்னும் ஏறவில்லை.