நாய்க்கு அழுவது

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். உக்ரைனிலிருந்து போலந்து எல்லைக்கு வந்துகொண்டிருந்த சனத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கிழவி மேற்சட்டைக்குள் பூனையொன்றைச் செருகி வைத்திருந்தாள். ஒரு பெடியன் பெரிய நாயொன்றைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தான். பிராணிகளுக்கான ஊசி, கடவுச்சீட்டு விதிகளை ஐரோப்பிய நாடுகள் அந்த நாட்களில் தளர்த்தியிருந்தன. யேர்மனியில் பிறந்த என் மகள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, உங்கடை வீட்டிலையும் நாய் இருந்ததெண்டு சொன்னனீங்கள். அதை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, 1986இல் கிழக்கு பேர்லினில் இறங்கி, இரவோடிரவாக மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தவன் நான். இதில் நாயையும் கூட்டிக்கொண்டு வருவதா! சிரித்துவிட்டேனே தவிர அன்றிரவு நித்திரை வரவில்லை. எனக்கு ஒரு கடிதம் நினைவில் வந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் முழுவதையும் வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலைந்து இலட்சம் சனம் மழைக்குள் செம்மணியால் நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. சில மைல் தூரத்தை நடக்க ஒரு முழு இரவும் போதாமல் இருந்தது. கோண்டாவிலிலிருந்து அம்மாவும் அந்தக் கூட்டத்தில் போனா. கைதடியிலிருந்து அவ எழுதிய கடிதம் நெடுநாள் கழித்து என் கைக்கு வந்தது. வழியில் செத்துப்போன சித்தப்பாவைப் பற்றி அதில் நாலு வரி இருந்தது. நாயைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சனம் செத்துக்கொண்டிருக்குது, நீங்கள் நாய்க்கு ஒப்பாரி வைக்கிறியள், வெக்கமா இல்லையோ" என்று பதில் எழுதினேன். அம்மா அதற்குப் பிறகு நாயின் கதையை எடுக்கவேயில்லை.

அந்த நேரம் நான் கொள்கையோடு எழுதியதாகத்தான் நினைத்தேன். மனிதருக்கு முதலிடம், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் நாய்க்கு அழாத நான் சனத்துக்கு அழுதேனா என்றால் அதுவும் இல்லை. அதே வாரம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வீடியோவுக்கு முகம் காட்டிவிட்டுத்தான் வந்தேன். செத்தவர்களின் எண்ணிக்கையை நான் துக்கமாகச் சுமக்கவில்லை. அம்மாவின் வாயை மூடுகிற கம்பாகத்தான் அது எனக்குப் பயன்பட்டது. அழுகைக்கு வரிசை வைத்துக் கொடுப்பவன் பெரும்பாலும் தான் அழவேண்டியிராதவன்தான்.

சின்ன வயதில் கேட்ட பாரதக் கதை ஒன்று இந்த இடத்தில் என்னைத் தொந்தரவு செய்கிறது. கடைசிப் பயணத்தில் திரௌபதி விழுகிறாள், தம்பிமார் நால்வரும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். ஆனால் இந்திரன் வந்து நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்றதும் நின்றுவிடுகிறார். இது என்ன நியாயம்? அவர் சொல்கிற பதில் விசித்திரமானது. செத்தவர்களை என்னால் எழுப்ப முடியாது, அவர்கள் உயிரோடிருந்தவரை நான் அவர்களைக் கைவிடவில்லை; இது உயிரோடு என்னை நம்பி வந்திருக்கிறது என்கிறார். ஆக, யார் பெரியவர் என்பதல்ல அங்கே கேள்வி, அடைக்கலம் என்பதுதான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கக் கதவு தட்டியவர்கள் நாங்கள். பிறகு அந்த நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது என்பது கதைக்காரரின் சலுகை. எங்களுடைய நாய் நாயாகவேதான் இருந்தது.

இங்கே 1990இல், மிருகங்கள் பொருட்கள் அல்ல என்று சிவில் சட்டத்தில் எழுதிச் சேர்த்தார்கள். அப்போது நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே படுத்திருக்கும் நாய்களுக்குத் தண்ணீர் வைப்பதும் என் வேலை. அகதி முகாமிலிருந்தவர்கள் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. எங்களில் பலருக்குக் கொடுத்திருந்த 'டுல்டுங்' என்ற கடதாசிக்கு அர்த்தமே 'சகித்துக்கொள்ளல்' என்பதுதான். "நாய்க்கு நகரசபை வரி இருக்குது, அதுக்கு இங்கை இருப்பு நிச்சயம்" என்று முகாமில் பகிடி விடுவோம். அந்தப் பகிடியில் நாயின் மேல் ஒரு எரிச்சலும் இருந்தது. நாய் என்ன செய்தது?

ஆனால் நாயில் இரக்கம் உள்ளவன் நல்லவன் என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டு நாய் விறாந்தையில் படுத்தது. அதற்கென்று ஒரு சட்டி இருந்தது. எங்கள் பனையில் சீவ வருகிற மனிதர் படலைக்கு வெளியே நின்று சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் வரும்போதெல்லாம் நாய் குரைத்தது. சொந்தக்காரரைக் கண்டு வாலாட்டியது. நாய்க்குச் சாதி தெரியாது. அதற்கு எங்கள் முகம் தெரியும். நாங்கள் எவரைக் கண்டு முகம் சுளித்தோமோ அவரைக் கண்டு அது குரைத்தது. அந்த நாய்க்காக அழுத அம்மா அந்த மனிதரை ஒருநாளும் விறாந்தையில் இருக்கச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நாயிடம் அன்பாக இருப்பது எங்களுக்குச் சுகமாக இருந்தது, அது எங்களிடம் சமத்துவம் கேட்கவில்லை.

மகள் கேட்டதற்கு அடுத்த ஞாயிறு அம்மாவுடன் வட்ஸ்அப்பில் கதைத்தேன். அப்போது அவவுக்கு எண்பத்து நாலு வயது. இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு, "அம்மா, ரைகருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். அந்த நாயை 1985இல் குட்டியாக வாங்கி வந்து பெயர் வைத்தவன் நான்தான். அந்தக் காலத்துப் பெடியன் வேறு என்ன பெயர் வைப்பான்? அடுத்த வருசம் அதை முதலில் விட்டுவிட்டு வந்தவனும் நான்தான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கட்டிப்போட்டிட்டுத்தான் வந்தனான் தம்பி. அவிட்டு விட்டால் பின்னாலை வரும், அந்தச் சனத்துக்கை மிதிபட்டுச் சாகும் எண்டு நினைச்சன். ரெண்டு மூண்டு நாளிலை திரும்பி வந்திடலாமெண்டுதானே எல்லாரும் கதைச்சவை. மூண்டு நாளைக்குச் சோறும் தண்ணியும் வைச்சிட்டு வந்தன்."

திரும்பிப் போனது 1996 மே மாதம்.

ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் அவ இதை எழுதியிருக்கவில்லை. இதைச் சொல்லத்தான் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறா என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஏன் வரமுடியவில்லை என்று அம்மாவுக்கு எழுத முடிந்தது. சித்தப்பாவுக்கு யுத்தம் என்றால் என்னவென்று தெரியும். கட்டிக் கிடந்த நாய்க்கு எவரால் எதைச் சொல்லி விளங்கப்படுத்தியிருக்க முடியும்? மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

"வந்து பாக்கச் சங்கிலி மரத்தடியிலை கிடந்தது. கழுத்துப்பட்டியைக் காணேல்லை. எலும்பு ஒண்டும் இல்லை, வடிவாத் தேடிப் பாத்தனான். ஒழுங்கையெல்லாம் தேடினன். பேர் சொல்லிக் கூப்பிடேலாது, சந்திக்குச் சந்தி ஆமி நிக்கிறான். ரைகர், ரைகர் எண்டு கத்த ஏலுமோ?"

இருவரும் சிரித்தோம். பிறகு அம்மா கேட்டா: "ஆர் அவிட்டிருப்பினம்?"

போகாமல் நின்றுவிட்ட கிழவர்களில் ஒருவராக இருக்கலாம். கதவு நிலை கழற்ற வந்த கள்ளனாக இருக்கலாம். ஆமிக்காரனாகவும் இருக்கலாம். மூன்றையும் சொன்னேன்.

"ஆமிக்காரன் எண்டாலும்…" என்று தொடங்கியவ முடிக்கவில்லை. பேத்தியைக் கூப்பிடச் சொன்னா.