ஐப்பசி காத்திருக்காது

புதுச்சேரியின் தெருக்களில் மரம் அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் அன்பர்களே! புரட்டாசி பிறந்துவிட்டது; அடுத்து ஐப்பசி, மழையும் புயலும்தான். பரணிலும் மாடிப்படிக்கு அடியிலும் சாக்கு போர்த்திக் கிடக்கும் அந்த மெஷினை இன்றே இறக்குங்கள்.

2011 மார்கழியில், டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் வந்தது. 2024 கார்த்திகையில், நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. இரண்டு முறையும் மரம் சாய்ந்தது, வழி அடைபட்டது, கரண்ட் போனது. சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கும்போது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போய், "ஸ்டார்ட் ஆகலையே" என்று கைவிரித்தால் அந்தத் தெரு நம்மை என்ன கேட்கும்? நாம் என்ன சொல்வோம்?

மெஷின்மேல் பழி போடாதீர்கள். போன புயல் ஓய்ந்த கையோடு, டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டுத் தூக்கி வைத்தது நாம்தான். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் நம்பக் கூடாது. சீக்கிரம் ஆவியாவது பறந்துவிடும். மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைக்கும். உள்ளிருக்கும் மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப்போகும். போதாக்குறைக்கு, இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கடற்காற்று வீசும் ஊரில் கேட்கவே வேண்டாம்.

பழையதைக் கொட்டுங்கள், இன்றே கொட்டுங்கள். கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் சேருங்கள். பெரிய வாய்க்காலில் ஊற்றிவிட்டு வந்து புண்ணியம் பேச வேண்டாம். புது பெட்ரோலில் 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லியா, 40 மில்லியா என்பதை மெஷினோடு வந்த புத்தகத்தில் பார்த்துக் கலக்குங்கள். சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அதை மறந்துவிட்டு அரைமணி நேரம் இழுத்தவர்கள் உண்டு.

சோக்கைப் போட்டு இழுங்கள். ஒரு தரம் வெடித்து அடங்கினால் உடனே சோக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் இழுத்தால் பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும். அப்படியும் ஓடவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள், சாட்சி அதுதான். நனைந்திருந்தால் துடைத்துக் காயவையுங்கள். சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் இல்லாமலே நாலைந்து தரம் இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை: டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரைப் பாருங்கள், வெடிப்பு விட்ட டியூபைப் பாருங்கள். கரி பிடித்திருந்தால் பிரஷ்ஷால் தேயுங்கள். முனையின் இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டர். சந்தேகமா, புது பிளக்கே போடுங்கள். ஏர் ஃபில்டரில் மரத்தூள் அப்பியிருக்கும், தட்டிக் கழுவுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை. தாமதத்தின் விலை அங்கேதான் தெரியும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு அவர் கடையில் போய் நின்றால், நமக்கு முன்னால் ஊரே நிற்கும். டயாஃப்ரம் ஸ்டாக் இல்லை என்பார். அவர்மேல் என்ன குற்றம்?

அவசரத்தில் உயிரையும் விட்டுவிடாதீர்கள். மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு இழுங்கள். கையில் தொங்கவிட்டு இழுக்காதீர்கள். மரத்தோடு கம்பி சிக்கியிருந்தால், லைனை நிறுத்திவிட்டோம் என்று மின்துறை ஆள் நேரில் சொல்லும்வரை ஒருவரும் கிட்டே போகாதீர்கள்.

முத்தியால்பேட்டையாரே, நெல்லித்தோப்பாரே, முதலியார்பேட்டையாரே, லாஸ்பேட்டையாரே! வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் தெருவில் மெஷினை எடுத்து ஓட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மறந்திருந்தால் கதவைத் தட்டுங்கள். ஓடிய மெஷினின் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஓடாததைத் திங்கட்கிழமையே கடைக்குக் கொண்டுபோங்கள்.