கனவிலும் விழித்திருத்தல்

இரவு எல்லாருக்கும் இளைப்பாற்றி தருவதில்லை. படுக்கையாவது ஆறுதல் அளிக்கும் என்று எண்ணும் வேளையில் கனவுகள் வந்து தம்மைத் திகிலடையச் செய்வதாக யோபு இறைவனிடமே முறையிடுகிறார் (யோபு 7:13-14). அம்முறையீடு இன்றும் ஓய்ந்தபாடில்லை. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்ப்போரும், நான்குவழிச் சாலையில் லாரி ஓட்டுவோரும் வாழும் இப்பகுதியில், உறங்கவே அஞ்சும் மனிதரை நாம் சந்திக்கிறோம். கண்ணெதிரே நிகழ்ந்த விபத்து ஒன்று இரவுதோறும் கனவில் திரும்பி வருவதாகவும், அதற்கு அஞ்சியே விடியுமட்டும் தேநீர் குடித்துக் கண்விழித்திருப்பதாகவும் ஓட்டுநர் ஒருவர் நம்மிடம் சொன்னார். காலையில் அவர் மீண்டும் வண்டி எடுத்தாக வேண்டும். உறக்கமிழந்த ஓட்டுநரின் கையில் எத்தனை பேருடைய உயிர் இருக்கிறது! ஆகவே இவ்வச்சம் ஐந்தாம் கட்டளையையும் தொடுகிறது.

நம் ஊர்களில் இதற்குப் பழைய வழிகள் உண்டு. தலையணைக்கடியில் இரும்பு வைப்பர், வேப்பிலை செருகுவர், கயிறு மந்திரித்துக் கட்டுவர். நெஞ்சின்மேல் ஏதோ ஏறி அழுத்துவதுபோல் தோன்றிக் கைகால் அசைக்க முடியாமற்போனால், ‘அமுக்குவான் பேய்’ என்பர். 1953-ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்கள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலை உண்டு என்று வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில் வருகின்றன. அப்போது உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். மனம் விழித்தும் உடல் இன்னும் விழிக்காத சிறு இடைவேளையே நம்மவர் கூறும் அமுக்குவான்.

ஆனால் கனவின் நடுவிலேயே, ‘இது கனவு’ என்று ஒருவர் உணர முடியுமா? முடியும் என்பதற்கு நம் திருச்சபையிலேயே பழமையான சான்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 415-இல் ஆயர் எவோதியுசுக்கு எழுதிய மடலில், கென்னாதியுஸ் என்னும் மருத்துவர் கண்ட கனவைப் புனித அகுஸ்தினார் விவரிக்கிறார். மறுவாழ்வு உண்டா என்று ஐயுற்றிருந்தவர் அம்மருத்துவர். அவர் கனவில் வந்த இளைஞன், இப்போது காண்பதும் கனவே என்று அவருக்கு உணர்த்துகிறான். உன் உடல் எங்கே என்று வினவுகிறான். படுக்கையறையில் என்கிறார் அவர். அவ்வுடலின் கண்கள் மூடியிருக்க, எக்கண்களால் என்னைக் காண்கிறாய் என்று அவன் கேட்டதும் அவரிடம் விடையில்லை. உடலின் கண்கள் மூடியபின்னும் காணும் உயிர் உண்டு என்பதே அவர் பெற்ற பாடம்.

உறங்குபவர் சிலவேளை தாம் காண்பது கனவென்று தீர்மானிக்கக்கூடும் என்பதைப் புனித தோமா அக்குவினாரும் தம் இறையியல் பெருநூலில் ஏற்கிறார். இத்தகைய கனவுக்குத் ‘தெளிவுக்கனவு’ என்ற பொருளில் 1913-இல் பெயரிட்டு எழுதிய டச்சு மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஏடன், 1922-இல் கத்தோலிக்கரானவர். 1975-இல் இங்கிலாந்தில் கீத் ஹேர்னும், பின்னர் அமெரிக்காவில் ஸ்டீபன் லாபெர்ஜும் இதை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தனர். முன்னரே பேசிவைத்த முறையில் கண்களை அசைத்து, உறங்குபவரே கனவுக்குள்ளிருந்து அடையாளம் காட்டினார்.

இனி அறவியல் கேள்விக்கு வருவோம். உறக்கம் இறைவனின் கொடை. அதற்குள்ளும் நம் ஆட்சியை நாட்ட முனைவது தகுமா? விரும்பியதை எல்லாம் கனவில் நிகழ்த்தி மகிழவே இப்பயிற்சியை நாடுவோர் உண்டு. உறக்கத்தில் பகுத்தறிவு கட்டுண்டு கிடப்பதால் அங்கு நிகழ்வது பாவமாகாது என்பது அக்குவினாரின் போதனை. ஆனால் அறிவு விழித்துக்கொண்ட கனவில் அந்த விலக்கு முழுமையாக நிற்காது என்று நாம் கருதுகிறோம். அறிந்து தேர்ந்துகொள்ளும் அளவுக்குப் பொறுப்பும் கூடுகிறது.

எனினும், அச்சத்தால் வாடுபவர் ஆட்சியைத் தேடவில்லை. ஓடாமல் நிற்கும் துணிவையே தேடுகிறார். யாக்கோபு இரவெல்லாம் தம்மோடு மற்போரிட்டவரை விட்டுவிடாமல், அவர் பெயரைக் கேட்டார். ஆசியையும் பெற்றார் (தொடக்கநூல் 32). துரத்தும் உருவத்தைக் கனவிலேயே திரும்பி நோக்கி, நீ யார் என்று கேட்கத் துணிந்தவுடன் அதன் கொடுமை தணியக் கண்டோர் பலர். அவர்கள் கனவை அடக்கவில்லை. அதை உள்ளபடி அறிந்துகொண்டார்கள். உண்மை விடுதலை தரும் என்ற ஆண்டவரின் வாக்கு இரவுக்கும் உரியதே.

அத்துணிவு பகலில் பயிலப்பட வேண்டியது. அஞ்சத்தக்க கனவைப் பகலில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லலாம். அதன் முடிவை மாற்றியமைத்து, அந்தப் புதிய கனவை நாள்தோறும் சிறிது நேரம் மனத்தில் ஓடவிடலாம். இம்முறை பலருடைய கொடுங்கனவுகளைக் குறைத்ததென மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. பகலில் அவ்வப்போது, ‘நான் விழித்திருக்கிறேனா?’ என்று கேட்டுப் பழகினால், அக்கேள்வி கனவிலும் எழக்கூடும். துன்பம் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்குச் செல்வது விசுவாசக் குறைவன்று. மாயத்தோற்றங்கள் காணும் நோயுடையோர், மருத்துவரைக் கேளாமல் தெளிவுக்கனவுப் பயிற்சியில் இறங்கலாகாது.

ஒரு வரம்பையும் மறவாதிருப்போம். ஒவ்வோர் இரவையும் காவல்காத்தே கழிக்க எண்ணுவது அச்சத்தின் மற்றொரு வேடம். உறங்கச் செல்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவராகிறார்; அதனால்தான் திருச்சபை தன் இரவுச் செபத்தில், முதிய சிமியோனின் பாடலைச் சொல்லித் தன் மக்களை இறைவனிடம் ஒப்படைக்கிறது. கனவில் விழித்திருக்கக் கற்பவரும் முடிவில் கண்மூடிச் சாயத்தான் வேண்டும். புயலிடையே படகின் பின்பகுதியில் தலையணைமீது உறங்கிய ஆண்டவரை நினைப்போம். அவர் எழுந்து கடலை அடக்கியது வல்லமை. அதற்குமுன் அக்கடலின் நடுவிலேயே அவர் உறங்கியது தந்தையின்மீது கொண்ட நம்பிக்கை. நம் இரவுகளுக்கு இந்நம்பிக்கையே முதல் மருந்து.