ஒப்படைத்த பொருள்: நோயாளியின் ஏடும் வாய்மை விரதமும்

திருப்பரங்குன்றத்து மலைக்குகையில் நம் துறவியர் உறைந்த கற்படுக்கைகளை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றைச் செய்து கொடுத்தவரின் பெயரும் ஊரும் தமிழ்ப் பிராமி எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர் பெயரை ஊரறியச் செய்வது நன்று என அன்றையோர் கருதினர். ஆனால் அங்குத் தங்கியவருள் எவருக்கு என்ன பிணி இருந்தது என்பதை ஒருவரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. எதை எழுதி வைப்பது, எழுதியதை யாருக்குக் காட்டுவது என்னும் அவ்வினா இன்று மருத்துவமனைகளின் வாயிலில் வந்து நிற்கிறது.

இவ்வினாவை எழுப்பும் தகுதி எமக்கு ஒரு பிழையினால் வந்தது. ஆசிரியப் பயிற்சியின்போது, மாணாக்கரின் உடல்நலம், குடும்ப நிலை ஆகியவற்றைத் திரள் பதிவேட்டில் எழுதக் கற்றோம். அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது என்பதைக் கற்றதாக நினைவில்லை. பணியேற்ற சில ஆண்டுகளில் எம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய் காசநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். இரக்க மிகுதியால் அதனை ஆசிரியர் அறையில் சொன்னோம். ஒரு வாரத்துக்குள் அச்சிறுமியின் அருகே அமர எந்தப் பிள்ளையும் வரவில்லை. அடுத்த மாதம் அவளே பள்ளிக்கு வரவில்லை. யாம் பொய் சொல்லவில்லை, எவரையும் வையவில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் கல்வி எம் நாவினால் நின்றது.

உண்மையைச் சொல்வதும் வாய்மைக்கு வழுவாகுமோ? ஆகும் என்பதே நம் ஆசாரியர் கருத்து. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் வாய்மை அணுவிரதத்தின் அதிசாரங்கள் எனப்படும் வழுக்கள் ஐந்தினைக் கூறுகிறார். தவறான நெறியை உபதேசித்தல், பிறர் மறைவில் வைத்ததை வெளியிடுதல், பொய்யாவணம் எழுதுதல், ஒப்படைத்த பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்த கருத்தை அம்பலப்படுத்தல் என்பன அவை. இல்லறத்தாராகிய சாவகர்க்குச் சொன்ன இவ்வைந்தனுள் பின் நான்கும் மருத்துவமனைப் பதிவேட்டுக்கு அப்படியே பொருந்துவதைக் கண்டு வியக்கிறோம். இன்று ‘தரவு ஆளுகை’ என வழங்கும் ஏற்பாட்டின் அறம் இதுவே.

இவற்றுள் முதன்மையாக எண்ணத்தக்கது ஒப்படைத்த பொருள் என்னும் கருத்து. நோயாளி தம் உடலின் செய்தியை மருத்துவரிடம் விற்பதில்லை, தானமாகவும் தருவதில்லை. நலம் பெறும்பொருட்டு ஒப்படைக்கிறார். ஆகவே ஏட்டைக் காப்பவர் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய பொருள் அடைக்கலப் பொருள்தானே?

நம் மதுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிந்தது. நீரிழிவால் விழித்திரைக்கு வரும் கேட்டைக் கணினியே கண்டறியப் பயிற்றும் கூகுள் நிறுவனத்தாரின் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய இந்திய மருத்துவமனைகளிலும் அமெரிக்காவிலும் எடுத்த 1,28,175 விழித்திரைப் படங்கள், ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டு, அதற்குப் பயன்பட்டன. கண் மருத்துவர் இல்லாத சிற்றூர்களுக்கு இதனால் விளையக்கூடிய நன்மை பெரிது. இத்தகைய பணிகள் பெருகி வரும் இக்காலத்தில் எல்லா மருத்துவமனைகளும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: தன் நோய்க்காகக் கண்ணைக் காட்டியவர், அப்படம் வேறு பயனுக்கும் செல்லும் என்பதை அறிந்தாரா? நன்மைக்காக எடுத்தாலும், கொடாததை எடுப்பது கள்ளாமைக்கு இழுக்கு. பெயரை நீக்குவது ஒரு பாதுகாப்பு. கேட்டுப் பெறுவதே அறம்.

இனி, மறைத்தல் எப்போதும் அறமாகுமோ என்பதும் ஆராயத்தக்கது. குருதி அளிக்கச் சென்ற ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிய வந்தது. மருத்துவமனை அதனை வெளியிட்டதால் தம் திருமணம் நின்றது, ஊரார் ஒதுக்கினர் என்று அவர் வழக்குத் தொடுத்தார். மணக்கவிருந்த பெண்ணின் உயிர் ஆபத்துக்குள்ளாகும்போது இரகசியம் காப்பதற்கும் எல்லையுண்டு என 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பெண் அறிந்தது நியாயமே. ஊரார் அறிய வேண்டிய தேவை என்ன? ஒரே செய்தி ஒருவரிடம் சொல்லும்போது உயிர்க்காப்பாகவும், பத்துப் பேரிடம் சொல்லும்போது இம்சையாகவும் மாறுகிறது. பல பக்கமும் நோக்கும் அநேகாந்தம் இங்கே வழிகாட்டும். பின்னர் வந்த 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் ஒப்புதலைப் பொதுவிதியாக்கி, துணைவருக்கு அறிவிக்கும் முறையைத் தனியே வகுத்தது.

பொய்யாவணம் என்பதற்கும் புதுப்பொருள் கொள்ள வேண்டும். மதுரை வட்டாரத்தில் மீனாட்சி என்னும் பெயருடையார் எத்தனை பேர்! ஒருவரது இரத்தப் பிரிவு மற்றவர் ஏட்டில் ஏறிவிட்டால் அங்கே பொய் சொன்னவர் எவருமிலர். ஆனால் உயிருக்கே கேடு வரலாம். அஜாக்கிரதையும் இம்சையே. பூட்டி வைப்பதோடு கடமை முடிவதில்லை; உள்ளிருப்பது மெய்யாகவும், வேண்டும்போது கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைத் தீயோர் முடக்கியபோது, நாள்கணக்கில் தாளிலும் பேனாவிலும் பணிகள் நடக்க நேர்ந்தது.

ஆகவே சிறியதாயினும் பெரியதாயினும் மருத்துவமனை ஒன்று செய்யத்தக்கன இவை. சிகிச்சைக்கு வேண்டாத செய்தியைக் கேளாதிருத்தல். இது மிகுபொருள் விரும்பாமை. ஒவ்வொரு வகை ஏட்டுக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்தல். யார் எப்போது எதற்காகத் திறந்தார் என்பதைப் பதிதல். பிழை திருத்த வழி வைத்தல். காக்கும் காலம் முடிந்ததை முறையாக அழித்தல். இவற்றை மேற்பார்வையிடும் குழுவில் நோயாளிகள் சார்பிலும் ஒருவரை அமர்த்துதல். நம் குன்றத்தை அடுத்த தோப்பூரில் 2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அத்தகைய பெருநிலையத்துக்கும், நம் சமூகத்தார் நடத்தும் இலவச மருத்துவ முகாமுக்கும் அறம் ஒன்றே. முகாமில் வைத்துவிட்டு வரும் பெயர்ப்பட்டியல் யார் கையில் போகிறது என்று நாம் கேட்டதுண்டா?

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017-இல் அறிவித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் தண்டிக்கும், நாவை அடக்காது. உறவினரின் மருத்துவ அறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்து, நலம் விசாரிக்கும் எண்ணத்தோடு குடும்பக் குழுவில் அனுப்புகிறோமே, அங்கும் இவ்விரதம் உண்டு. அனுப்புமுன் ஒருமுறை அவரைக் கேட்போம்.

எம் வகுப்பை விட்டுச் சென்ற அச்சிறுமியை மீண்டும் யாம் காணவில்லை. இன்றும் பிரதிக்கிரமணத்தின்போது அவள் பெயரை மனத்துள் சொல்லிப் பொறுத்தருள வேண்டுகிறோம். அப்பெயரை இங்கும் எழுதவில்லை.